ஏசி யார் சொல்லைக் கேட்க வேண்டும்? இணையச் சாதனங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

இணைய வசதியோடு விற்கப்படும் எந்த வீட்டுச் சாதனமும், நிறுவனத்தின் சர்வர் ஓடினாலும் நின்றாலும், வீட்டுக்குள்ளிருந்து கொடுக்கும் கட்டளைக்கு இயங்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் நெறிமுறை பொதுவில் வெளியிடப்பட வேண்டும். நுகர்வோர் அமைப்பு என்ற முறையில் இதுவே எங்கள் நிலைப்பாடு.

இன்று விற்பனையாகும் பல ஏசிகளில், கைபேசியில் பொத்தானைத் தொட்டதும் கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், பத்தடி தள்ளியிருக்கும் ஏசிக்குத் திரும்பி வருகிறது. சர்வரை மூடிவிட்டால்? வீட்டுச் சாதனங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை விற்றுவந்த ரிவால்வ் நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் 2014இல் கையகப்படுத்தியது. 2016 மே மாதம் அதன் சேவை நின்றது. 300 டாலர் கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டி எதற்கும் உதவாமல் போயிற்று. 2022 ஏப்ரலில், இதேபோன்ற பெட்டிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருள் வழியாகச் சாதனங்களை வீட்டுக்குள்ளிருந்தே நேரடியாக இயக்கிவந்தவர்கள் தப்பித்தார்கள்.

நேரடி இயக்கம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டுச் சாதனங்களுக்கான ஜப்பானின் எக்கோநெட் லைட் நெறிமுறையை யாரும் எடுத்துப் படிக்கலாம். அதில் வீட்டு ஏசியின் வகைக் குறியீடு 0130. இயக்க நிலைக்கான குறியீடு 80. அதில் 30 என்று எழுதினால் ஏசி ஓடும், 31 என்றால் நிற்கும். வெப்பநிலைக்கு பி3. நிறுத்தச் சொல்லும் முழுக் கட்டளையும் 15 பைட்டுதான். இந்த நெறிமுறையை ஏற்கும் ஏசி எந்த நிறுவனத்தினுடையதானாலும் இதே எண்கள்.

திறந்துவைத்தால் கண்டவரும் உள்ளே வருவார்கள் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பாதி நியாயம் உண்டு. எக்கோநெட் லைட்டின் அடிப்படை அமைப்பு, கட்டளை அனுப்புபவர் யாரென்று சரிபார்ப்பதில்லை. அதே வைஃபைக்குள் நுழைந்த எவரும் ஏசியை நிறுத்தலாம். ஆனால் 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் நெறிமுறையும் பொதுவில் உள்ளதுதான். அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் சான்றிதழ் உண்டு, கட்டளைகள் மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன, வீட்டுக்குள்ளேயே வேலை முடிகிறது. 2023இல் வந்த 1.2 பதிப்பு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அறை ஏசியையும் சேர்த்துக்கொண்டது.

அதற்காக மேட்டர் முத்திரை இருந்தாலே போதும் என்று சொல்ல மாட்டோம். ஆன், ஆஃப், வெப்பநிலையை மட்டும் அதில் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் சொந்தச் செயலிக்குள் பூட்டிவைக்கலாம். ரிமோட்டில் உள்ள பொத்தான் அத்தனைக்கும் திறந்த நெறிமுறையிலும் கட்டளை இருக்க வேண்டும் என்கிறோம்.

நெறிமுறை திறந்திருந்தால் மட்டும் போதாது, சாதனம் எவ்வளவு காலம் பாதுகாப்பாக இருக்கும் என்பதும் தெரிய வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதை அறிவிப்பது பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் கட்டாயம். இங்கே அந்தக் காலக்கெடு அட்டைப் பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். சர்வரை மூட முடிவெடுக்கும் நிறுவனம், உள்ளூர்க் கட்டுப்பாட்டைத் திறந்துவிடும் கடைசிப் புதுப்பிப்பை அனுப்பிய பிறகே மூட வேண்டும். முடியாதென்றால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரட்டும்.