மாணவரும் அவரே! ஆசிரியரும் அவரே!

காலையில் நூலகத்தில் மாணவர். பிற்பகலில் வகுப்பறையில் ஆசிரியர்!

இப்படி இரண்டு வேலை பார்ப்பவர்கள் கல்லூரிகளில் உண்டு. அவர்கள்தான் ஆராய்ச்சி மாணவர்கள். எம்.ஏ. முடித்து, 'டாக்டர்' பட்டத்துக்குப் படித்துக்கொண்டே, இளைய மாணவர்களுக்குப் பாடமும் நடத்துகிறார்கள்.

நெய்வேலி நகரியத்துப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தை சுரங்கத் தொழிலாளி. மகள் வரலாறு எம்.ஏ. மேலே ஆராய்ச்சி செய்ய ஆசை. வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகப் பஸ்சில் போனால் சிதம்பரம். அங்கே 1929-ல் தோன்றிய அண்ணாமலை பல்கலைக்கழகம் இருக்கிறது. அவள் ஆராய்ச்சியில் சேருகிறாள். பிறகு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வாய்ப்பும் வருகிறது.

முதல் வகுப்பு. எதிரே 60 பேர். பலர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

ஒரு பையன் எழுந்து, "வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா, அக்கா?" என்று கேட்கிறான். வகுப்பு சிரிக்கிறது.

அவள் என்ன பதில் சொல்வாள்?

பதில் காலடியில்!

பதில் நெய்வேலி மண்ணிலேயே இருக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956-ல் அதை எடுக்க நிறுவனம் பிறந்தது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

இது எந்திரங்களின் கதை. ஆனால், அந்த நிலத்தில் குடியிருந்த கிராமத்தார் எங்கே போனார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது? 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் கால்வாய் தோண்டியபோது மக்கள் ஏன் கொதித்தார்கள்?

இதற்கு எந்திரம் பதில் சொல்லாது. வரலாறுதான் சொல்லும். தன் ஊரின் கதையைத் தெரிந்தவன், தன் உரிமையைக் கேட்கத் தெரிந்தவன். தமிழ், வரலாறு, தத்துவம் போன்ற பாடங்களின் பயன் இதுவே.

ஆனால் இதை அந்தப் பையனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது தனிக் கலை. அந்தக் கலையை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சுரங்கத்துக்கு உண்டு, வகுப்புக்கு இல்லையா?

சுரங்கத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் பயிற்சி தரவேண்டும். 1966-லேயே இதற்கு விதி வந்துவிட்டது. பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் 'பி.எட்.' படிப்பு 2 ஆண்டு.

கல்லூரி ஆசிரியருக்கு? 'நெட்' தேர்வு. அதில் கற்பித்தலைப் பற்றியும் கேள்வி உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்! நீச்சலைப் பற்றிப் பரீட்சை எழுதியவர் ஆற்றில் நீந்திவிடுவாரா?

பல்கலைக்கழக மானியக் குழு இந்தக் குறையை உணர்ந்தது. ஆராய்ச்சி மாணவர் அனைவருக்கும் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்று 2022-ல் விதி செய்தது. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தலில் உதவும் பணி கொடுக்கலாம் என்றும் சொன்னது.

நல்ல விதி. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

உழைப்புக்கு ஊதியம்

மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.37 ஆயிரம். கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர் அநேகர். வயிற்றுப்பாட்டுக்காகக் கௌரவ விரிவுரையாளர் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை! ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50 ஆயிரம் வரை தரலாம் என்று 2019-ல் மானியக் குழு சொன்னது. அதைக் கேட்டுத் தமிழ்நாட்டு விரிவுரையாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். 2022-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் உள்பட சுமார் 48 ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்துதான் ஊதிய உயர்வு பெற்றார்கள்.

"பாடம் நடத்தப் போனால் ஆராய்ச்சி கெடும்" என்பார்கள் சிலர். அளவு மிஞ்சினால் கெடும். உண்மைதான். அளவோடு நடத்தினால்? பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான், தனக்கு எது புரியவில்லை என்பது தெரியும். அது ஆராய்ச்சிக்கும் லாபமே.

செய்ய வேண்டியது என்ன?

முதல் ஆறு மாதம், அனுபவம் மிக்க பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கட்டும். அடுத்து, அவர் முன்னிலையில் பாடம் நடத்தட்டும். பிறகு தனியாக நடத்தட்டும். மணிக்கணக்கு வரையறை வேண்டும். அந்த மணிக்கு ஊதியமும் வேண்டும்.

இது ஆராய்ச்சி மாணவருக்குக் காட்டும் சலுகை அல்ல. நகையை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் தடுமாறினால், நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்!