ஸ்டேபிள் சரி, எவ்வளவு தூரத்துக்கு?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் திட்டப் போறேன். "சமன்பாட்டை லீனியர் ஆக்கு, ஐகன் மதிப்பெல்லாம் இடப்பக்கம் இருக்கா பாரு, இருந்தா சிஸ்டம் ஸ்டேபிள்" - கன்ட்ரோல் பாடத்தையே இந்த ஒத்தை வரியில மூட்டை கட்டுறவங்களைத்தான்.

அந்த வரி பாதி உண்மை. அதான் ஆபத்தே! சமநிலைப் புள்ளிக்குப் பக்கத்துல மட்டும்தான் அந்த உத்தரவாதம்னு லியாபுனோவ் 1892லயே காட்டிட்டார். எவ்வளவு பக்கத்துல? ஐகன் மதிப்பு அதைச் சொல்லவே சொல்லாது.

சும்மா தியரி பேசுறேன்னு நினைக்காதீங்க. ஸ்வீடனோட கிரிபென் போர் விமானம் இயல்பிலேயே நிலையில்லாதது. கம்ப்யூட்டர் பீட்பேக்தான் பிடிச்சு நிறுத்துது. 1989ல ஒரு சோதனை விமானம் தரையிறங்கும்போது நொறுங்குச்சு. 1993 ஆகஸ்ட் 8, ஸ்டாக்ஹோம் நீர்த் திருவிழாவுல இன்னொண்ணு கூட்டத்துக்கு முன்னாடியே விழுந்துச்சு. நல்லவேளை, யாரும் சாகலை.

ஸ்டாக்ஹோம்ல என்ன ஆச்சு? இறக்கையோட கட்டுப்பாட்டுத் தகடுங்க நொடிக்கு இத்தனை டிகிரிதான் திரும்பும்னு ஒரு வரம்பு உண்டு. விமானி குச்சியை வேகமா ஆட்ட, தகடுங்க அந்த வரம்புல முட்டிக்கிச்சு. திருத்தம் லேட்டா வந்து ஆட்டத்தைக் கூட்டிடுச்சு. லீனியர் சமன்பாட்டுல இந்த வரம்பைத் தேடிப் பாருங்க, இருக்காது.

அதனால இனிமே யாராவது "ஸ்டேபிள்"னு சொன்னா, "எவ்வளவு தூரத்துக்கு? எவ்வளவு வேகத்துக்கு?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, அதுக்குப் பேரு டிசைன் இல்லீங்க, வேண்டுதல்.

மறுப்பு இருந்தா பின்னூட்டத்துக்கு வாங்க, மோதிப் பார்ப்போம்!