ஈரல் புற்றுநோய்ச் சிகிச்சை: அப்பாவுக்கு முழுதும் சொல்லுங்கள்

ஈரலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுக்க முடியாத பலருக்கு, இங்கே ஜேர்மனியில் 'டேஸ்' என்ற சிகிச்சையைச் செய்கிறார்கள். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து நாளத்தின் வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் நாடியில் இருந்தே இரத்தத்தை எடுக்கிறது. ஆகவே தொடையிடுக்கால் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் நாடிக்குள் மருந்தை விட்டு, அதை அடைத்து விடுகிறார்கள். 2002இல் பார்சலோனாவிலும் ஹொங்கொங்கிலும் இருந்து வெளிவந்த ஆய்வுகள், தகுந்த நோயாளிகளுக்கு இது ஆயுளை நீட்டுகிறது என்று காட்டின.

எமது கவலை வேறு. வைத்தியர் பின்விளைவுகளை விளக்கும்போது மொழிபெயர்ப்பது மகனோ மகளோதான். 'அப்பா பயந்துபோவார்' என்று பாதியை விழுங்கி விடுகிறார்கள். அப்பாவும் தலையாட்டிக் கையெழுத்து வைக்கிறார். நோயாளிக்கு விளங்கும்படி, யோசிக்க நேரம் விட்டு, வாயால் விளக்க வேண்டும் என்கிறது 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டம். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் செலவைக் கிராங்கன்காஸ ஏற்பதில்லை. இது சரியில்லை. அகதியாக வந்த நாட்களில் எமக்கும் பிறர்தான் மொழிபெயர்த்தார்கள். எவ்வளவு விடுபட்டிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

முதல் சில நாட்களுக்குக் காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்று நோ, ஓங்காளம் வருவது வழமை. பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். ஆனால் அடங்கிய காய்ச்சல் நடுக்கத்தோடு திரும்பினால், ஈரலில் சீழ் பிடித்திருக்கலாம். பித்தக்குழாயில் முன்பு சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்த ஆபத்து கூட. கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், பேச்சுத் தடுமாறி அரைத்தூக்கத்தில் இருத்தல் ஆகியவை ஈரல் தளர்வதைக் காட்டலாம். 'மருந்து மயக்கம், படுக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, குழாய் விட்ட இடம் வீங்கினாலோ, கால் குளிர்ந்து போனாலோ உடனே 112ஐ அழையுங்கள்.

மெற்போமின் எடுக்கும் நீரிழிவுக்காரர் எம்மிடையே அதிகம். படம் பிடிக்க ஏற்றும் அயடின் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்னரே கேளுங்கள். காய்ச்சலுக்கென்று வீட்டில் கிடக்கும் இபுபுரோஃபனைக் கொடுக்க வேண்டாம்.

விளக்கம் கேட்கப் போகும்போது, குடும்பத்துக்கு வெளியே இரு மொழியும் தெரிந்த ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். வீடு திரும்பும்போது, இரவில் அழைக்க வேண்டிய வைத்தியசாலை இலக்கத்தைக் கேட்டு எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அப்பாவின் கண்ணில் படும் உயரத்தில்.