தர்மாஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள்

திருச்சியில் அரசு மருத்துவமனையை இன்றும் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்தூர் பெரியாஸ்பத்திரியானாலும் சரி, பாலக்கரைப் பக்கத்து மக்கள் போகும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். வயதானவர்கள் பழக்கத்தில் சொல்வதை விட்டுவிடலாம். "அங்கெல்லாம் யார் போவாங்க?" என்ற தொனியில் சொல்லப்படும் தர்மாஸ்பத்திரியைப் பற்றித்தான் பேசுகிறேன். தர்மம் என்றால் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கை நீட்டியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. மாத்திரை இல்லை என்றால் சும்மா திரும்ப வேண்டும். 'நீ, வா, போ' என்று பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சோப்புக்கும் எண்ணெய்க்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கட்டுகிற மக்களின் பணத்தில் நடக்கும் நிலையம் அது. அதில் தர்மம் எங்கிருந்து வந்தது?

இதே சிந்தனையின் இன்னொரு முகம் 'உபயம்'. ஒரு மின்விசிறி, ஒரு குடிநீர் இயந்திரம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அவற்றின் மேல் கொட்டை எழுத்தில் கொடுத்தவர் பெயர். ஒரு புகைப்படம், ஒரு சால்வை. இதற்குப் பெயர் 'சமுதாய ஆதரவு' என்கிறார்கள். மின்விசிறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதத் திருச்சியில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்க்கு அது தேவைதான். ஆனால் ஒரு சுகாதார நிலையம் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் பயன்படுவது உபயதாரர்களால் என்ற கதையை நாம் நம்பக் கூடாது. அது யாரால் ஓடுகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பார்த்தால் வேறு உண்மை தெரியும்.

தமிழ்நாட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெருமைக்குரிய சாதனை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது, ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் மருத்துவமனையில் பத்திரமாகப் பிறக்க வைக்கிறோம். பிறந்த குழந்தை தெருவுக்குத் திரும்பிய பிறகு நால்வரில் ஒருவர் வளராமல் போகிறார்.

பிரசவத்தை ஆம்புலன்ஸும் மருத்துவரும் செவிலியரும் பார்த்துக்கொள்வார்கள். வளர்ச்சிக்கு ஆம்புலன்ஸ் கிடையாது. அதற்குச் சோறு வேண்டும், சாக்கடை கலக்காத தண்ணீர் வேண்டும், தாய்க்குக் கூலியோடு ஓய்வு வேண்டும், தடுப்பூசி நாளை நினைவுபடுத்த பக்கத்து வீடு வேண்டும். சுகாதார நிலையத்தின் கை தெருவுக்குள் எட்ட வேண்டும், தெருவின் குரல் சுகாதார நிலையத்துக்குள் எட்ட வேண்டும். இந்த இரண்டும் நடப்பதற்குப் பெயர்தான் சமுதாய ஆதரவு.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். ஊசி தொடங்குவதற்குள் வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது. மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி, பிள்ளை செத்துப்போகும் என்றெல்லாம் ஆடியோக்கள். பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள். அரசு முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. நான் அப்போது முதுகலை முடித்துவிட்டு பாலக்கரையில் வீட்டில் இருந்தேன். படித்த நான் தமிழில் எழுதிக் கொடுத்த விளக்கத்தை எங்கள் தெருவில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. பூக்கட்டி விற்கும் ஒரு அக்காதான் காரியத்தை முடித்தார். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் முதலில் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் குழாயடியில் நின்று சொன்னார்: "எம் புள்ளைக்குப் போட்டாச்சு. ராத்திரி லேசா மேலு சுட்டுச்சு. காலையில எந்திரிச்சு தோசை கேக்குது. உனக்கு என்னடி பயம்?" அந்த வாரமே தெருவில் பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அந்த அக்கா எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் கொடுத்தது நாற்காலி இல்லை, நம்பிக்கை. அந்த நம்பிக்கை சம்பாதித்தது. குழாயடியில் எல்லோரோடும் சேர்ந்து நின்று பல ஆண்டுகளாகச் சம்பாதித்தது.

இங்கேதான் நாம் பேசத் தயங்கும் இடம் வருகிறது. அரசுத் திட்ட அறிக்கைகள் 'கம்யூனிட்டி' என்ற சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் புழங்குகின்றன. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்றால் சாதிச் சான்றிதழ். "நீங்க என்ன கம்யூனிட்டி?" என்றால் என்ன சாதி என்று பொருள். நகரத்தில் அதையும் கேட்கக் கூச்சப்படுகிறவர் "எந்தத் தெரு?" என்று கேட்பார். இந்தச் சமூகத்தில் 'சமூகத்தின் ஆதரவோடு' ஒரு நிலையம் நடக்கும் என்றால், எந்தச் சமூகத்தின் ஆதரவோடு என்று கேட்பது நம் கடமை.

பாலக்கரையை ஒட்டிய மேலப்புதூரில் ஒரு கல்லறை உண்டு. அதற்குள் தலித் கிறித்தவர்களின் குழிகளைத் தனியே பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது. 2010இல் பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள் அந்தச் சுவரை இடிக்கப் புகுந்தார்கள். செத்தவரைக்கூடச் சேர்த்துப் புதைக்க மனமில்லாத சாதி, உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் நலனுக்காகத் தானாக ஒன்றுகூடிவிடும் என்று எந்த அதிகாரி நம்புகிறார்?

திருச்சிக்கு அடுத்த மாவட்டம் புதுக்கோட்டை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்றது மருத்துவம். 26ஆம் தேதி மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மனித மலம் கிடந்தது. தொடர்ந்து ஆய்வுக்கு வந்த அதிகாரிகளின் முன்னால் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததை அந்த மக்களும் இயக்கங்களும் ஏற்க மறுத்தன. நான் இங்கே சுட்ட விரும்புவது ஒன்றுதான். மருத்துவம் அங்கே தன் வேலையைச் செய்தது. சரியான கேள்வியைக் கேட்டது. பிள்ளைகளைக் கைவிட்டது ஊர். சாதியைப் பார்க்காத எந்தச் சுகாதாரத் திட்டமும் வேங்கைவயலின் தொட்டிக்குக் கீழே மாத்திரை கொடுத்துக்கொண்டு நிற்கும்.

சோற்றின் கதையும் அதுதான். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது நம் திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். கோடிக்கணக்கான பிள்ளைகளின் வயிற்றை நிறைத்த திட்டம். 36 ஆண்டுகள் கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கவனியுங்கள்: பள்ளி வாசலில் திரண்டவர்களும் 'சமுதாயம்'தான். அவர்கள் செய்ததும் ஒருவகையில் 'சமுதாயப் பங்கேற்பு'தான்!

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? கூடலூருக்கு வாருங்கள். நீலகிரியின் அந்த மலைப்பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடிகள் நிலம் பறிக்கப்பட்டு, எஸ்டேட் கூலிகளாக, மருத்துவமனை வாசலில் அவமானப்படுகிறவர்களாக இருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அவர்கள் 'ஆதிவாசி முன்னேற்ற சங்கம்' கண்டார்கள். 1988 டிசம்பரில் நில உரிமைக்காகக் கூடலூர் தெருக்களில் ஆயிரக்கணக்கில் பேரணி போனார்கள். அதன் பிறகு, 1990இல், 'அஸ்வினி' என்ற அமைப்பின் வழியே ஆதிவாசி மருத்துவமனை வந்தது. கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் அவர்களுடைய பெண்கள். வார்டில் செவிலியர்களும் அவர்களுடைய பெண்கள். தன் மொழியில் பேசும் தன் பெண் கையைப் பிடிக்கும்போது, மருத்துவமனை என்றாலே ஓடிய தாய் பிரசவத்துக்கு வந்தாள்.

வரிசையை மறந்துவிடாதீர்கள். முதலில் சங்கம், பிறகு உரிமைப் பேரணி, அதற்குப் பிறகு மருத்துவமனை. அவமானத்துக்கு எதிராகச் சேர்ந்த மக்கள்தான் அங்கே சமுதாயம் ஆனார்கள். பிறப்பால் வந்த கூட்டத்தை வைத்து யாரும் அதைக் கட்டவில்லை.

சில தோழர்கள் ஓர் எதிர்வாதம் வைப்பார்கள். "மக்கள் பங்கேற்பு என்பதே அரசு தன் பொறுப்பைக் கைகழுவும் தந்திரம்." பாதி உண்மை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பாருங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் நல்ல திட்டம். 2024இல் ஐ.நா.வின் விருதும் பெற்றது. வீடுவீடாக ஏறி இறங்குவது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்து, மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகையில் வேலையைத் தொடங்கினார்கள். ஏழைப் பெண்ணின் உழைப்பைத் 'தன்னார்வம்' என்று அழைப்பது, சாதியத் தொழிலைச் 'சேவை' என்று அழைத்த அதே பழைய தந்திரம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கொடுக்கும் செலவை அவளே சுமக்கட்டும் என்று விடவில்லை. அரசையும் முதலாளியையும் பொறுப்பாளிகளாக நிறுத்தினார். நாமும் அங்கேதான் நிற்க வேண்டும்.

ஆனால் எதிர்வாதத்தின் மறுபாதி தவறு. மக்கள் விலகி நின்றால் அரசு பொறுப்பை ஏற்றுவிடாது. கேட்க ஆளில்லாத நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியாகவே கிடக்கும். வாய்வலிமை உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட, வாயில்லாதவர்கள் மட்டும் வரிசையில் நிற்கும் இடம் மெல்ல மெல்ல உண்மையிலேயே தர்மாஸ்பத்திரி ஆகிவிடும். பெரியார் படமும் அம்பேத்கர் படமும் முகப்பில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு நம் வார்டு சுகாதார நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும்?

கையில் கருவிகள் இருக்கின்றன. தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம் 2013இலேயே, 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கியக் குழு, அதற்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் மாநகராட்சி வார்டுகளுக்குப் பகுதி சபைகள் உண்டு. அந்தச் சபைக்குப் போங்கள். எங்கள் பகுதியில் மகளிர் குழு இருக்கிறதா, அதில் யார் யார், எந்தெந்தத் தெரு என்று கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பெண் அதில் உண்டா என்று கேளுங்கள். நிலையத்தின் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பணியிடம் காலி என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள். தன்னார்வலர் என்ற பெயரை நீக்கி, தொழிலாளர் என்று பதிவு செய்து, குறைந்தபட்சக் கூலி தரச் சொல்லுங்கள். குழாயில் வரும் தண்ணீரின் சோதனை முடிவைத் தெருவாரியாக ஒட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலை அந்தப் பெஞ்சில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். முக்காடு போட்ட தாயும், ஜெபமாலை அணிந்த தாயும், இரவுப் பணி முடித்துத் தெருக்கூட்டிய களைப்போடு வந்த தாயும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்வதும், அந்தப் பெஞ்சில் உட்காரும் பெண்களை நிலையத்தின் மேசைக்கு மறுபக்கம் உட்கார வைப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான். அடுத்த பகுதி சபைக்குக் குறைந்தது இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள்.