வீடு மாறும்போது மீன்களை என்ன செய்வது?

வீடு மாற்றுகிறவர்கள் பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் முன்பே யோசித்து வைக்கிறார்கள். மீன் தொட்டி ஞாபகத்துக்கு வருவது வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான். அந்த அவசரத்தில் மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டு கிளம்புவார்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார்கள். இரண்டும் தவறு, இரண்டாவது பெரிய தவறு என்பது என் கருத்து.

எங்கள் தெருவிலிருந்து சென்னைக்கு மாற்றலாகிப் போகும் ஒரு தம்பி, "மூக்கனேரியில விட்டுட்டா பொழச்சுக்கும், நமக்கும் புண்ணியம்தானுங்க" என்றார். புண்ணியம் இல்லை தம்பி என்றேன். கடையில் 'டேங்க் க்ளீனர்' என்று விற்கிறார்களே, அது தென் அமெரிக்க மீன். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். சென்னைப் பக்கத்து ஏரிகளில் பெருகிவிட்டது. கரையில் வளை தோண்டும்; முள்ளும் கவசமுமாக வலையில் சிக்கி வலையைக் கிழிக்கும். விலை போகாது. கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பிழைப்பவர்களுக்குத்தான் நஷ்டம். மூக்கனேரியோ, நாமக்கல் தூசூர் ஏரியோ, கோயில் குளமோ, தொட்டி மீனை எதிலும் விடக்கூடாது.

கூடவே எடுத்துப் போவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நம் மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. அங்குள்ள பண்ணையில் மீன் குஞ்சு வாங்கிப் போகிறவர்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் வங்காளத்தில் மண்பானையில் குஞ்சுகளை வைத்து, தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே ரயிலில் போவார்கள். இப்போது பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன். வெயில் ஏறுமுன் வண்டி கிளம்பிவிடும். நாமும் அதையே செய்யலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுக்கத் தீனி போடாதீர்கள். பட்டினி கிடந்த மீன் தண்ணீரை அதிகம் அசுத்தப்படுத்தாது. மீன் கடையில் சொன்னால் பையில் ஆக்சிஜன் அடைத்துத் தருவார்கள். இரட்டைப் பை போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, இரவிலோ விடியற்காலையிலோ கிளம்புங்கள். ஃபைட்டர் மீனைத் தனிப் பையில் போட வேண்டும். முள் உள்ள மீனுக்குப் பை ஆகாது, மூடி போட்ட வாளிதான். இறால் இருந்தால் பற்றிக்கொள்ள ஒரு கொத்து பாசியைப் பைக்குள் போடுங்கள்.

தொட்டியைத் தண்ணீரோடு தூக்கவே கூடாது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீர் மட்டும் 56 கிலோ. தூக்கும்போது ஒட்டு விட்டுவிடும். பழைய தண்ணீரில் பாதியை 20 லிட்டர் கேன்களில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபில்டர் ஸ்பாஞ்ச். மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிரிகள் அதில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் காயவிட்டாலும் அவை செத்துப்போகும். பழைய தண்ணீரிலேயே நனைந்தபடி எடுத்துப் போங்கள். போன இடத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு இது இல்லாததும் ஒரு காரணம்.

புது வீட்டில் கட்டிலுக்கு முன் தொட்டியை வையுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் கடினமானது. போகும் ஊர்த் தண்ணீர் வேறாக இருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது வைத்திருந்து பிறகு சேருங்கள். பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். இறாலுக்கு இன்னும் நிதானம் வேண்டும். காற்றுக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். முதல் நாள் தீனி வேண்டாம்.

இவ்வளவுக்கும் முடியாதா? தொட்டியோடு சேர்த்து, வளர்க்கத் தெரிந்தவருக்கோ வாங்கின கடைக்கோ கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் வெளியூர் போகும்போது தொட்டி தாத்தா பாட்டி தலையில்தான் விழும். தண்ணீர் மாற்ற நமக்குத் தெம்பு இருந்தால் சரி என்போம், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவோம். அதில் வெட்கமில்லை.

முட்டையை உடையாமல் ஊர் ஊராய் அனுப்புகிற நாமக்கல்லுக்கும், குஞ்சு மீனைச் சாகாமல் அனுப்புகிற மேட்டூருக்கும் நடுவில் இருக்கிறோம். நான்கு மீனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க நமக்குத் தெரியாதா என்ன?