உரிமை உண்டு; விடை எழுதும் பழக்கம் உண்டா?

அரசாங்க சேவைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமை எமக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துத் தரப்பட்டதன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் தமிழ் பேசும் மக்களைக் கந்தோர் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழில் பரீட்சை எழுத இடங்கொடுத்தது. ஆயின், சிங்கள அறிவு என்னும் நிபந்தனையையும் அதன் கழுத்திலே கட்டிவிட்டது. எழுதுவினைஞர் சேவையில் இருந்த செல்லையா கோடீஸ்வரனுக்கு, சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்ற காரணத்தால் 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின் பின், சிங்களத்திலோ தமிழிலோ தாம் விரும்பும் மொழியிலோ பரீட்சிக்கப்படும் உரித்து அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இடம்பெற்றுள்ளது. சேவையில் சேர்ந்தபின் மற்றைய மொழியை நியாயமான காலத்துள் கற்கவேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற உரித்தை எங்கே பிரயோகிக்கிறோம்? மேடையிலன்று, ஊர்வலத்திலுமன்று. மேற்பார்வையாளரின் மணிக்கூட்டின் கீழ், ஒரு மேசை, ஒரு பேனை, ஒரு வெற்று விடைத்தாள் இவற்றுக்கு முன்னால் தனியே அமர்ந்திருக்கும் இளைஞனின் வலக்கையிலேதான் அது பிரயோகமாகிறது. அந்தக் கைக்குப் பழக்கமில்லையாயின் அரசியலமைப்பு வந்து பேனையைப் பிடித்து எழுதித் தரப்போவதில்லை.

இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பட்டதாரிகள் சிலர் ஆலோசனை கேட்டு எம்மிடம் வருவதுண்டு. அரசியலமைப்புப் பற்றிய ஐயங்களே அவர்களை எம்மிடம் அழைத்து வருகின்றன. அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கும் வினா ஒன்றே: சென்ற மாதத்தில் மணிக்கூட்டை முன்வைத்து எத்தனை விடை எழுதினீர்கள்? அநேகமாக மௌனமே பதில். குறிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன. போட்டோப்பிரதிக் கட்டுகள் இருக்கின்றன. பொது அறிவுத் தொகுப்புகள் இருக்கின்றன. உலக வங்கியின் தலைமையகம் எங்குள்ளது என்று கேட்டால் கண்ணிமைக்குமுன் பதில் வரும். ஆனால், ஒரு வினாவை எடுத்து, அதற்கு நிலைப்பாடு ஒன்று வகுத்து, சான்று காட்டி, மறுப்பை எதிர்கொண்டு, நேரத்துள் முடித்த விடை ஒன்றேனும் எழுதிப் பார்த்ததில்லை. நீச்சல் பற்றிய நூல்களையெல்லாம் படித்துவிட்டுக் கீரிமலைக் கேணியில் முதன்முறையாகக் குதிப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை?

இது அறிவின் குறையன்று, பயிற்சியின் குறை என்பதை வற்புறுத்திச் சொல்லுகின்றோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் திறந்த போட்டியிலே வென்று, இலங்கைச் சிவில் சேவையில் அவ்வழியாகப் புகுந்த முதல் இலங்கையரானார். அந்நியன் மொழியில், அந்நியன் வகுத்த பரீட்சையில் அன்று அது இயன்றது. 1963 மே முதலாந் திகதி அந்தச் சிவில் சேவையே நீக்கப்பட்டு நிர்வாக சேவை பிறந்துவிட்டது. சொந்த மொழியிலேயே எழுதலாம் என்றுள்ள இன்று எம்மவர் இடறுவதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

முதலில், வினாவை வாசிக்கப் பழகவேண்டும். வினாத்தாளில் ஏவல் சொல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலையைச் சுமத்துகிறது. ‘விளக்குக’ என்றால் ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று தெளிவுபடுத்தினாற் போதும். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டும். முதற் பக்கத்தில் ஒன்றையும் அடுத்த பக்கத்தில் மற்றையதையும் எழுதிவிட்டு எழும்பிவருவது ஒப்பீடாகாது. ‘மதிப்பிடுக’ என்றால் தீர்ப்புச் சொல்லவேண்டும். ‘விமர்சன ரீதியாக ஆராய்க’ என்றால் மறுதரப்பையும் கூண்டிலேற்றி விசாரிக்கவேண்டும். எம்மவர் பலர் இந்நான்கிற்கும் ஒரே விடையையே எழுதுகின்றனர்: தலைப்பைப் பற்றித் தமக்குத் தெரிந்ததெல்லாம்.

கேட்ட வினாவுக்கு மட்டும் விடை என்பதற்கு மேலே சொன்ன கோடீஸ்வரன் வழக்கே நல்ல பாடம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கெதிராக வழக்கிட முடியாது என்ற ஒரே காரணத்தால் அதைப் புரட்டியது. 1969 டிசெம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்கிட முடியும் என்று சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருவினாவைத் தொடாமலே விட்டது. அரசியல்வாதி என்ற முறையில் எமக்கு அது மனத்தாங்கலே. ஆயினும் சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: தம்முன் வைக்கப்பட்ட வினா எது, வைக்கப்படாதது எது என்று அந்த நீதிபதிகள் கோடு கிழித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார்கள். பரீட்சார்த்தியும் முதல் ஒரு நிமிடத்தை அந்தக் கோட்டுக்குச் செலவிடவேண்டும்.

உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மத்திய அரசாங்கத்துக்கும் மாகாண சபைக்கும் இடையில் பிரதேச செயலாளர் வகிக்கும் நிலையை விமர்சன ரீதியாக ஆராய்க’ என்பது வினா. பழக்கமில்லாதவர் 1505இல் பறங்கியர் வந்த கதையில் தொடங்குவார். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், கச்சேரி முறை, அரசாங்க அதிபர் என்று இறங்கி 1987க்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடும். கேட்ட பொருள் கடைசி நான்கு வரியில் மூச்சுத் திணறும்.

பழகியவர் முதற் பந்தியிலேயே தம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுவார்: பிரதேச செயலாளர் இரு தரப்பின் கருமங்களையும் ஆற்றுகிறார், ஆனால் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவராகையால் அவருடைய நியமனமும் ஒழுக்காற்றும் மாகாணத்தின் கையில் இல்லை, ஆதலால் சட்டத்தில் பரவலாக்கிய அதிகாரம் அவர் மேசையில் வந்து தடைப்படுகிறது. அதன்பின் சான்று. 13ஆம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்று நிரல்கள் உள்ளன. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடமிருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. காணி மாகாண நிரலில் இருந்தும், அரச காணி குடியரசிடமே உள்ளது, அதன் மீட்பு அறிவித்தலில் எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தபோதும் பிரதேச செயலகத்தின் கதவு ஒருநாளேனும் மூடப்படவில்லை. உண்மையான நிருவாகம் எங்கே நடைபெறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இனி மறுதரப்பு. அனுமதிப்பத்திரத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அலையும் ஏழைக்கு, இரு அரசுகளின் கருமமும் ஒரே கூரையின் கீழ் முடிவது நன்மையல்லவா என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வி வலுவானது. அதனை மறைக்காமல் எழுதி, ஒரே கூரை வேண்டும் என்பதால் ஒரே எசமான் வேண்டும் என்று ஆகாது எனப் பதிலிறுத்து, மாற்றம் ஒன்றைப் பிரேரித்து முடிக்கவேண்டும். இவ்விடைக்கு இரண்டு பக்கம் போதும். எமது கட்சியின் கொள்கைக்கு நேர்மாறான முடிவைக் கூட ஒருவர் இதே ஒழுங்கில் எழுதலாம். சான்று உறுதியாயின் புள்ளி கிடைக்கவேண்டும். பரீட்சகர் தேடுவது எம் வாக்காளரையன்று, நாளை ஒரு கோவையை வாசித்து முடிவெழுத வல்லவரை.

இவ்வொழுங்கு மேல்நாட்டார் சரக்கு, தமிழுக்கு ஒவ்வாது என்று சொல்வாரும் உளர். சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாய் அமைந்தது எதற்காக? பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுத்தபின்னரே தம் கொள்கையை நிறுவுதல் சைவ சித்தாந்தியின் முறை. மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று அனுமானத்தின் உறுப்புகளைப் போதிக்கிறார். ஆறுமுக நாவலரின் கண்டனப் பிரசுரங்களைக் கையிலெடுத்தவர்க்கு, மறுப்பெழுதும் கலையில் யாழ்ப்பாணத்தார் எவருக்கும் கடன்பட்டவரல்லர் என்பது விளங்கும். முதுசொம்மாகக் கிடைத்த கருவி வீட்டிலிருக்க, கூரிழந்தது என்று பிறரை நோவதில் பயனில்லை.

பயிற்சிக்கு அளவொன்று வேண்டும். இவ்விடயத்தில் இந்தியாவின் குடிமைப் பணிப் பரீட்சையைப் பார்ப்பது உதவும். அங்கே அளவுகள் வெளிப்படையானவை. அதன் முதன்மைப் பரீட்சையில் பொது அறிவுக்கு நான்கு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 250 புள்ளிகள், மூன்று மணித்தியாலங்கள். முதல் மூன்று தாள்களில், தாளொன்றுக்கு 20 வினாக்கள். 10 வினாக்களுக்கு 150 சொற்கள் வீதமும், ஏனைய 10 வினாக்களுக்கு 250 சொற்கள் வீதமும் எழுதவேண்டும். கணக்குப் பார்த்தால் வினாவொன்றுக்கு 9 நிமிடம். மொத்தம் 4000 சொற்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாய் நிற்பது தமிழில் ஒட்டி ஒரே நெடுஞ்சொல்லாகிவிடுவதால், தமிழில் எழுதுவோன் சொல்லெண்ணிக்கையில் இலாபம் அடைந்து எழுத்தெண்ணிக்கையில் நட்டமடைகிறான். அவன் கைக்கு மற்றவரினும் கூடிய பழக்கம் வேண்டும். அங்கே இன்னொரு குறையும் உண்டு: விடையைத் தமிழில் எழுதலாம், வினாத்தாளோ ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. தமிழ்நாட்டு மாணவன் வினாவை ஒரு மொழியில் வாங்கி விடையை வேறு மொழியில் கொடுக்கிறான். அந்தப் பாரத்தோடும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே வினாத்தாள் தமிழிலே கிடைக்கிறது. அது மூலத்தின் பொருளைப் பிசகாமல் தருகிறதா, தமிழில் எழுதிய விடையைத் தமிழில் ஆழ்ந்த புலமையுள்ளவரே திருத்துகிறாரா என்று அதிகாரிகளை இடைவிடாது கேட்பது எம் போன்றோர் கடன். ‘விளக்குக’ என்பதும் ‘ஆராய்க’ என்பதும் மொழிபெயர்ப்பில் இடம் மாறினால் பரீட்சார்த்தியின் தலைவிதியே மாறும். பழைய வினாத்தாள்களோடு புள்ளியிடும் திட்டத்தையும் மூன்று மொழிகளில் வெளியிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

அச்சில் வார்த்த விடையைப் பற்றியும் ஒரு சொல். சில தனியார் வகுப்புகளில் முன்னுரை, ஐந்து காரணம், முடிவுரை என்று எலும்புக்கூட்டை மனனம் செய்விக்கிறார்கள். எந்த வினா வந்தாலும் அதன் மேல் தோலைப் போர்த்துவது அவர்கள் வித்தை. நாம் சொல்வது அதுவன்று. ஒழுங்கு என்பது சிந்தனையின் ஒழுங்கு. வினாவுக்கு வினா அது மாறும். பணம் கொடுத்து அவ்வகுப்புகளுக்குச் செல்ல இயன்றவரைப் பற்றி எமக்குப் பெருங்கவலை இல்லை. நுவரெலியாத் தோட்டத்து லயத்திலிருந்து முதற் பட்டதாரியாய் வெளிவந்த பெண்ணும், முல்லைத்தீவில் பலமுறை இடம்பெயர்ந்து படித்த இளைஞனும், மூதூர் முஸ்லிம் கிராமத்து ஆசிரியையும் யாரிடம் விடையைக் காட்டுவார்கள்? தம் விடையைத் தாமே திருத்துவது இலகுவன்று. தான் நினைத்ததை எழுதிவிட்டதாகவே எழுதியவர் கண்ணுக்குத் தோன்றும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஊர்தோறும் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் உள்ளன. தோட்டப் பகுதிகளில் பாடசாலை மண்டபம் சனிக்கிழமைகளில் வெறுமையாகவே கிடக்கிறது. ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், ஆசிரியர், நியாயவாதிகள் இல்லாத பட்டினம் இல்லை. சனிதோறும் நான்கு வினா, அவற்றுக்குரிய நேரம் மட்டும். எழுதியபின் தாள்களை மாற்றி ஒருவர் விடையை மற்றவர் வாசித்து, முதற் பந்தியில் நிலைப்பாடு தெரிகிறதா, ஒவ்வொரு கூற்றுக்கும் சட்டமோ ஆண்டோ எண்ணோ துணைநிற்கிறதா, மறுதரப்பு வந்திருக்கிறதா என்று மூன்றே மூன்றைக் குறிக்கவேண்டும். அதன்பின் மூத்தவர் ஒருவர் இரண்டு தாள்களைச் சபையில் வாசித்துத் திருத்துவார். அதே வினாவை அடுத்த கிழமை மீண்டும் எழுதவேண்டும். பலரும் தட்டிக்கழிப்பது இதையே, பலன் தருவதும் இதுவே.

எமது தொழிலைச் சேர்ந்த நண்பர்களிடம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சிலர் நீதிமன்றத் தவணையைக் காரணங் காட்டுகின்றனர். சனிக்கிழமை எந்த நீதிமன்றம் கூடுகிறது என்று அவர்களிடம் கேட்டிருக்கிறோம். சனசமூக நிலையங்களின் செயலாளர்கள் தமது மண்டபம் எந்த நேரம் ஓய்வாயிருக்கும் என்பதையும், பரீட்சைக்குத் தோற்றவிருப்போர் எத்தனை பேர் என்பதையும் எழுதியனுப்பினால் போதும். வருவோர் பேனையும் தாளும் மணிக்கூடும் கொண்டுவரட்டும். குறிப்புப் புத்தகங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.