வாங்கியது போதும், பேராக் இனித் தேட வேண்டும்

2018 அக்டோபர் 27ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் திரெங்கானுவுடன் 3-3 என்று முட்டிக்கொண்டு நின்ற பேராக், பினால்டி உதைகளில் 4-1 என வென்று மலேசியக் கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்தது. 1926இல் தொடங்கிய கணக்கில் அது எட்டாவது கிண்ணம். 2000க்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், 2021இல், அதே குழு சூப்பர் லீக்கில் பதினோராம் இடத்துக்குச் சரிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2023இல் லீக்கின் அமைப்பே மாறியதால் மீண்டும் மேலே வந்தது. 2025 ஜூலையில், நிதி தாங்கவில்லை என்று கூறி, லீக்கை விட்டே விலகிக்கொண்டது.

நாற்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம் ஈப்போவில் இருக்கிறது. 1921 முதல் இயங்கும் காற்பந்துச் சங்கமும் இருக்கிறது. முதல்நிலை லீக்கில் ஆடக் குழுதான் இல்லை.

பணம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. சம்பள பாக்கி விழுந்த குழுவில் ஆட்டக்காரர்கள் எத்தனை மாதம் தங்குவார்கள்? ஆனால் எல்லாவற்றையும் பணத்தின் தலையில் கட்டினால் 2018இன் வெற்றிக்கு விளக்கம் கிடைக்காது. ஜொகூர் டாருல் தக்சிம் குழு செலவழித்த தொகையோடு ஒப்பிட்டால் பேராக் அன்றும் ஏழைதான். மெஹ்மெட் துராகோவிச் 2017இல் பயிற்றுநராக வந்தபோது அவர் கையில் விலை உயர்ந்த ஆட்டக்காரர்கள் அதிகம் பேர் இல்லை. இருந்தவர்களைத் தட்டித் தேற்றினார். காயங்களால் தளர்ந்திருந்த பிரெண்டன் கானை நம்பி நடுத்திடலில் நிறுத்தினார். ஷாருல் சாட் தற்காப்பின் தூணானார். கென்னி பால்ராஜ், ஜெ. பார்த்திபன் போன்ற நம் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பயிற்றுநருக்கு நான்கு பருவங்கள் கிடைத்தன. லீக்கில் இரண்டாம் இடம், மலேசியக் கிண்ணம், 2019இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் எல்லாம் அந்தத் தொடர்ச்சியில் வந்தவை.

பிறகு குழு கலைந்தது. துராகோவிச் போனார், ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கென்னி பால்ராஜ் கோலாலம்பூர் சிட்டி குழுவில் சேர்ந்தார். 2020இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த குழு அது. போஜன் ஹோடாக் பயிற்றுநராக வந்த அதே ஆண்டு, 2021 நவம்பரில், ஜொகூரை 2-0 என்று வீழ்த்தி அது மலேசியக் கிண்ணத்தை வென்றது. தலைநகரக் குழுவுக்கு 1989க்குப் பிறகு கிடைத்த முதல் மலேசியக் கிண்ணம். பேராக் கைநழுவ விட்டவரை இன்னொரு குழு அரவணைத்து வென்றது. ஈப்போ ரசிகர்களுக்கு இதைவிட வலிக்கும் பாடம் தேவையில்லை.

விழுந்த குழுவை எழுப்ப இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: சரியான ஆட்களைக் கண்டுபிடிப்பது, அவர்களை ஆளாக்கும் பயிற்றுநருக்குக் காலம் கொடுப்பது. அமெரிக்கக் கல்லூரிகளில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அங்கே காற்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதும் வேறொரு ஆட்டம். ஆனாலும் குழு கட்டும் முறை நமக்கும் பொருந்தும். தோல்விக்கே பேர்போனதாக இருந்த இந்தியானா பல்கலைக்கழகக் குழு 2023இல் மூன்று ஆட்டங்களில் வென்று ஒன்பதில் தோற்றது. கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்றுநர் வந்தார். தம் முந்தைய பல்கலைக்கழகத்தில் தாமே பழக்கிய பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்து வந்தார். மறு பருவத்தில் பதினொரு வெற்றி, இரண்டே தோல்வி. வந்தவர்கள் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பயிற்றுநர் சொல்வதை முன்பே புரிந்துவைத்திருந்தவர்கள்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2009 ஜனவரியில் புக்கிட் ஜாலிலில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் மலேசியா 0-5 என்று தோற்றது. 2007 ஆசியக் கிண்ணத்தில் சீனாவிடம் ஐந்து கோல், உஸ்பெகிஸ்தானிடம் ஐந்து கோல் வாங்கிய காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை. தேசியக் குழுவின் மீது யாருக்கும் நம்பிக்கை இல்லாத அந்த நாளில் கே. ராஜகோபால் பொறுப்பேற்றார். இளையோர் குழுக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். எந்தப் பையனின் கால் எப்படி வேலை செய்யும், எவன் நெருக்கடியில் பதறுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெயர் பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு இருபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்களை நம்பினார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் வியட்நாமை 1-0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கம் வந்தது.

2010 டிசம்பரில் நடந்ததுதான் இன்னும் அருமை. ஆசியான் காற்பந்துப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று மலேசியா நொறுங்கியது. அவரை நீக்குங்கள் என்ற குரல் எழுந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ராஜகோபால் பையன்களைக் கைவிடவில்லை. இருபத்தொரு வயது காவலர் கைருல் ஃபாஹ்மி கோல் கம்பங்களுக்கிடையே நின்றார். எஸ். குணாளன் பக்கவாட்டில் ஓடி ஓடித் தேய்ந்தார். சாஃபி சாலி கோல்களைக் குவித்தார். தாய்லாந்துடன் சமநிலை, லாவோஸுக்கு எதிராக ஐந்து கோல், அரையிறுதியில் வியட்நாம் வெளியேற்றம். இறுதியில் அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை ஏந்தியது. ஒரே மாதத்தில் ஒரே எதிரியிடம் 1-5, பிறகு 3-0. இடையில் புது ஆட்டக்காரர் எவரும் விலைக்கு வாங்கப்படவில்லை.

ராஜகோபாலுக்கு முன்னால் தேசியக் குழுவை விட்டு விலக நேர்ந்த பி. சத்தியநாதனும் சும்மா இருக்கவில்லை. கிளந்தானுக்குப் போய் 2010 அக்டோபரில் அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு கிளந்தான் முதன்முறையாக சூப்பர் லீக்கை வென்றபோது அங்கே பயிற்றுநராக இருந்தவர் எம். காராத்து. பேராக்கின் சட்டை அணிந்து ஆடியவர், பின்னாளில் பேராக்குக்கும் பயிற்சி அளித்தவர். கோத்தா பாருவில் ஒரு குழுவைத் தூக்கி நிறுத்தும் அறிவு நம்மவரிடம் இருந்திருக்கிறது. அந்த அறிவுக்கு ஈப்போவில் ஏன் நிரந்தரமான நாற்காலி கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் பேராக்கில் ஆள் தேடுவதற்குத் தனி அலுவலகம் தேவைப்படவில்லை. பொழுது விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போனவர்கள் பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார்கள். மாலையில் திடல் நிறையும். கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, திடல் ஆகிய இவை இருந்தால்தான் அது தோட்டம். சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை, தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் நடக்கும். லாரியில் ஆட்டக்காரர்களோடு பாதி லயமும் ஏறிக்கொள்ளும். நன்றாக ஆடும் பையனின் பெயர் அடுத்த தோட்டத்துக்குப் பரவி, மாவட்டக் குழுவின் காதுக்கும் எட்டிவிடும். தோட்டத்து மக்களே தேர்வாளர்களாக இருந்தார்கள்.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் இந்த உலகத்தைக் குலைத்தது. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் நிறுவியது அந்த ஆபத்தைக் கண்டுதான். சங்கம் பல தோட்டங்களைக் காப்பாற்றியது. காப்பாற்ற முடியாதவை அவற்றைவிடப் பல மடங்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, உள்ளூர்க் கைகளுக்குப் பதில் வெளிநாட்டுக் கைகள் வந்தன, லயங்கள் காலியாயின. குடும்பங்கள் புந்தோங்குக்கும் மற்ற நகரோர வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றைப் போராடி இடம் மாற்றிக்கொண்டார்கள். திடலை யாரும் இடம் மாற்றவில்லை. தோட்டத்தில் நடந்தே போகும் தூரத்தில் இருந்த புல்வெளிக்கு நகரத்தில் மணிக்கணக்கில் வாடகை.

இந்த இழப்பைத் தமிழர்களின் இழப்பாக மட்டும் பார்ப்பது தவறு. பேராக் குழு தன் ஊற்றுகளில் ஒன்றைத் தூர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய நல்ல காலத்தில், வி. சரவணன், கே. நந்தகுமார் போன்ற பெயர்கள் ஈப்போ அரங்கில் ஒலித்தன. இன்று அந்த வரிசையை நீட்டச் சொன்னால் ரசிகர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்களா? பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறு பள்ளியில்கூட ஓய்வு நேரத்தில் பந்து உருளத்தான் செய்கிறது. சிக்கல் ஆறாம் ஆண்டு முடிந்த பிறகு வருகிறது. பன்னிரண்டு வயதில் மாவட்ட அளவில் ஆடிய பையன் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் காணாமல் போகிறான். பயிற்சிக்குக் கூட்டிப்போக வண்டி இல்லை, காலணி வாங்கக் காசு இல்லை, டியூஷனை விட்டால் வீட்டில் திட்டு. பதினேழு வயதில் சம்பாதிக்கப் போய்விடுகிறான். அப்பா அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சம்பள பாக்கி செய்தியை அவர்களும்தான் படிக்கிறார்கள். பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு மாநிலம் இன்னும் நேர்மையான பதில் சொல்லவில்லை.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபா ஒரு பதிலைச் சொல்லிப் பார்த்தது. அதன் குழுவும் பேராக்கின் இன்னொரு குழுவான பி.கே.என்.பி.யும் ஒரே ஆண்டில், 2016இல், மூன்றாம் பிரிவிலிருந்து ஏறின. மிஃபா குழு பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கைத் தொட்டது. பி. மணியத்தின் பயிற்சியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் துணையில்லாமலும் ஆடித் தாக்குப்பிடித்தது. 2022 பருவத்தோடு அதுவும் விலகியது. எங்கள் பையன்களால் முடியும் என்று காட்டியதற்கு அந்தக் குழுவுக்கு இந்தச் சமூகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆயினும் உச்சியில் ஒரு குழுவை மட்டும் நடத்தினால், அதை நடத்துகிறவர் கைவிட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடும் என்பதையும் அது காட்டியது.

பல்கலைக்கழகக் குழுவுக்கும் அதே கதிதான். சூப்பர் லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழகக் குழுவான யு.ஐ.டி.எம்., 2020இல் ஆறாம் இடம் பிடித்து எல்லோரையும் வியக்க வைத்தது. மறு ஆண்டே கடைசி இடத்தில் முடித்து, பேராக்கோடு சேர்ந்தே கீழே இறங்கியது.

இருந்தும் பேராக்கின் மீட்சிப் பாதை பல்கலைக்கழகங்கள் வழியாகத்தான் போகிறது. முதல்நிலைக் குழு நடத்தி அல்ல, பதின்மூன்று வயதுக்கும் இருபதுக்கும் இடையில் விழுந்திருக்கும் பள்ளத்தை நிரப்பி. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தோன்றியது. இன்று அங்கே விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுநர் கல்விக்கும் தனிப் புலமே இயங்குகிறது. நாட்டுக்குப் பயிற்றுநர்களை உருவாக்கும் இடம் பேராக் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், செரி இஸ்கந்தரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஒமார் பாலிடெக்னிக் என்று திடலும் விடுதியும் உள்ள வளாகங்கள் மாநிலம் நெடுகிலும் இருக்கின்றன. வார இறுதியில் இத்திடல்களில் சில மணி நேரத்தைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவது பெரிய செலவா?

பயிற்றுநர் கல்வி படிக்கும் மாணவர்களின் களப்பயிற்சியை சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரத் தமிழ், சீன, மலாய்ப் பள்ளிகளில் ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கு வைக்கலாம். அவர்கள் கண்டெடுக்கும் பிள்ளைகளைப் பதின்மூன்று வயதிலிருந்து மாவட்ட மையத்தில் தொடர்ந்து பழக்க வேண்டும். பேருந்துச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். பதினெட்டு வயதில் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ விளையாட்டு உபகாரச் சம்பளத்தோடு ஓர் இடம் உறுதி என்றால் பெற்றோரின் பேச்சே மாறும். காயம் பட்டாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

முன்னாள் தேசிய ஆட்டக்காரர் லிம் தியோங் கிம், பாயர்ன் மியூனிக்கின் இளையோருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவர். தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தை நடத்திய பிறகு பேராக்குக்கும் பயிற்றுநராக வந்தார். இளையோரை வளர்க்கத் தெரிந்த அப்படியொருவரை அழைத்துவந்து, மூழ்கும் குழுவின் அடுத்த ஆட்ட முடிவுக்குப் பதில் சொல்ல வைத்தது குழு நிர்வாகம். அடுத்து வரப்போகிறவருக்கும் அதே நிலை வரக் கூடாது. குறைந்தது மூன்று பருவ ஒப்பந்தம், இளையோர் மையங்களின் மீது நேரடி அதிகாரம், சம்பளத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கிய நிதி ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் நல்ல பயிற்றுநர் எவரும் அந்தப் பதவியை ஏற்க வேண்டாம்.

பேராக் மீண்டும் லீக்குக்கு வர வேண்டும் என்று விரும்பும் முதலீட்டாளர்கள் வருவார்கள். புதிய சின்னம், புதிய சட்டை, இரண்டு மூன்று பிரேசில் ஆட்டக்காரர்கள் என்று பேச்சு தொடங்கும். அந்த மேசையில் மாநில அரசும் காற்பந்துச் சங்கமும் ஒரு நிபந்தனை வைக்கட்டும்: போடும் பணத்தில் ஒரு பங்கு மாவட்ட மையங்களுக்குப் போக வேண்டும், முதல் தேர்வு முகாம் ஈப்போ அரங்கில் நடக்காமல் சுங்கை சிப்புட்டிலோ சுங்காயிலோ நடக்க வேண்டும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்த முகாமுக்கு வருவதற்குப் பேருந்து அனுப்ப வேண்டியது சங்கத்தின் பொறுப்பு.